வேங்கைத் துண்டின் எடை

ஜூன் 9, திங்கள்

நாற்பத்து நான்கு வயதில் ஒருத்தி தனியாக வீடு கட்டினால் ஊரில் எல்லோருமே மேஸ்திரி ஆகிவிடுகிறார்கள். படிக்கட்டு கிழக்கே வர வேண்டுமாம். சமையல்கட்டு ஜன்னல் இவ்வளவு பெரிதாக வேண்டாமாம். தனி ஆளுக்கு எதற்கு இரண்டு அறையாம். பண்பொழி போஸ்ட் ஆபீஸில் ஸ்டாம்ப் வாங்க வருகிறவர்கள்கூட ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். போஸ்ட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி யோசனை அண்ணனுடையது. வாசல் நிலை தேக்கில்தான் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள். அந்த நாலு பேர் எனக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றியே இருபது வருஷம் பேசிவிட்டார்கள். இனி நிலையைப் பற்றியும் பேசட்டும், அவர்களுக்கும் மாறுதலாக இருக்கும்.

சாயங்காலம் செங்கோட்டை ரோட்டில் இருக்கும் மர அறுவை ஆலைக்குப் போனேன். முதலாளி பெயர் குற்றாலிங்கம். ஐம்பதை நெருங்குகிறவர், காதில் பென்சில், புருவம்வரைக்கும் மரத்தூள்.

“அண்ணாச்சி, வாசல் நிலைக்குத் தேக்கு வேணும்” என்றேன்.

“வாசல் எந்தப் பக்கம் பாத்து?”

“மேக்க பாத்து. சாரல் நேரா முகத்துல அடிக்கும்.”

“தேக்கும் தாங்கும். ஆனா இப்ப எங்கிட்ட கெடக்கிறது எளவட்ட மரம், வெளிறு சாஸ்தி. நான் உங்களுக்கு வேங்கை தாறேன்.”

வெளிறு என்றால் மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கும் வெளுத்த பகுதி. அதைத்தான் கரையான் முதலில் தேடுமாம். உள்ளே இருப்பது வைரம். கொட்டகையின் மூலையில் கிடந்த ஒரு கட்டையைச் சுத்தியல் பிடியால் தட்டிக் காட்டினார். கணீரென்றது. வெட்டி இரண்டு வருஷம் ஆன மரமாம். ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கலாமென்று குனிந்தேன். அது அசையவில்லை, என் இடுப்புதான் அசைந்தது. அவர் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார். அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து, வேங்கை வாங்கப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். “வேங்கையா? எதுக்குட்டி, காவலுக்கா?” என்றான்.

ஜூன் 14, சனி

ஆபீஸ் முடிந்ததும் நேரே ஆலைக்கு. என் மரத்தை அறுக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

வேங்கை லேசில் அறுபடுகிற மரமில்லை. வாள் இரண்டு முறை மழுங்கி, மாற்ற வேண்டியதாயிற்று. “தேக்கு உளிக்கு இணக்கமா வரும். இதுக்கு நார் முன்னயும் பின்னயும் ஓடும், முறைச்சிக்கிட்டே நிக்கும். ஆனா ஒருதரம் வேலைக்கு வந்துட்டுன்னா அப்புறம் அசையாது. வண்டி, உத்தரம், ஜன்னல், கலப்பை, எதுல போட்டாலும் உழைக்கும்” என்றார் குற்றாலிங்கம். அறுத்த முகம் தேன் நிறத்தில் இருந்தது, நடுநடுவே சிவப்பு ரேகை.

வியர்வைக் கையோடு தூளைத் தொட்டுவிட்டேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. கைக்குட்டையில் துடைத்தேன், அதுவும் மஞ்சள்.

“ஈரம் பட்டா வேங்கை மஞ்சக் கக்கும். துணி, தாளு, சுவரு, எதையும் விடாது. காய்ஞ்சு போச்சுன்னா சாது” என்றார்.

ஆனால் காய வேண்டும். சட்டங்களை அறுத்து, இடையில் குச்சி கொடுத்து, காற்று போகிற மாதிரி கொட்டகையில் அடுக்கிவிட்டார். அதே மரத்தில் ஒரு கைத்துண்டு வெட்டி அந்த அடுக்கிலேயே செருகி வைத்தார். வாரா வாரம் அந்தத் துண்டை நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை குறைகிறவரை உள்ளே ஈரம் இருக்கிறது. எடை நின்றுவிட்டால் மரம் தயார். அதற்கு முன் நிலை செய்தால் பிறகு முறுக்கிக்கொண்டு கதவு சாத்தாது.

“எங்க தராசு விறகு நிறுக்கது. அஞ்சு கிராம் பத்து கிராமெல்லாம் அதுக்குக் கண்ணு தெரியாது” என்றார்.

“எங்க ஆபீஸ் தராசு ஒத்தக் கிராமும் காட்டும்” என்று நான் வாயை விட்டேன். பொதுச் சேவைதானே.

என் பெயரின் வாலை மட்டும் கூப்பிடுகிற மதினி, கையைப் பார்த்து, “என்ன மொழி, மஞ்ச அரைச்சியா?” என்றாள். அண்ணன் பெண்டாட்டிக்கு எல்லாமே கண்ணில் படும்.

ஜூன் 21, சனி

துண்டு 786 கிராம்.

குற்றாலிங்கம் அதைச் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, ஒரு பார்சல் மாதிரியே கொண்டுவந்தார். கவுன்டரில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார், ரிசல்ட் பார்க்க வந்த பையன் போல. எடையைச் சொன்னதும் பென்சிலை எடுத்து மரத்தின் மீதே எழுதிக்கொண்டார்.

ஜூன் 28, சனி

771. பதினைந்து குறைந்திருக்கிறது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வேங்கைப் பட்டையைக் கீறினால் ரத்தம் மாதிரி சிவப்பாகப் பால் வருமாம், அதைக் காய்ச்சிக் குழந்தைகளுக்குப் பொட்டு வைப்பார்களாம். அரை மணி நேரம் பேசினார். கூட்டம் இல்லை, அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் எங்கள் தபால்காரர் பீர் பாய், “மேடம், இந்தப் பார்சல் வாரா வாரம் வருது, அட்ரஸே இல்லியே. எங்க டெலிவரி பண்ண?” என்றார். பீர் பாய்க்கு ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று 760. அதை எழுத உட்கார்ந்தேன், ஆனால் மனசில் இருப்பது வேறு.

ஆவணியில் நிலை வைக்க நாள் பார்த்தாகிவிட்டது, செப்டம்பர் 4. சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்: “நானும் ஒம் மதினியும் மணையில உக்காருதோம். நீ தாம்பூலத் தட்டைப் பாத்துக்க.”

“என் வீட்டு நிலைக்கு நான் தட்டு தூக்கவா?”

“தம்பதியாத்தான்டி உக்காரணும். நிலைய நிறுத்துறப்ப ரெண்டு பேரா கை வைக்கணும். ஊரு வழக்கம். நானா உண்டாக்குனேன்?”

அவன் கெட்டவன் இல்லை. அப்பா போன பிறகு என்னைத் தாங்கியவன். அதனால்தான் சண்டை போடாமல் தட்டைக் கழுவி வைத்தேன். பதினேழு வருஷம் அவன் வீட்டு மாடியில் இருந்துவிட்டு, ஒவ்வொரு செங்கல்லாக யோசித்து ஒரு வீடு கட்டுகிறேன். அதன் வாசலை நிறுத்தும்போது என் கை அதன் மேல் இருக்கக் கூடாது. மாடிக்கு வந்து அழுதேன். எனக்கு வேறெதுவும் வேண்டாம், அந்த நிலையை நான் நிறுத்த வேண்டும்.

ஜூலை 12, சனி

751.

நிலை விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எடை பார்க்க வந்தவரிடம் வீட்டு வழக்கையெல்லாம் சொல்வார்களா?

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க வீட்டம்மா போயி ஒம்பது வருசம் ஆச்சு. பிள்ளையும் கிடையாது. அதுலேந்து எந்த வீட்டு நிலைக்கும் நான் முன்னால போயி நிக்கதில்ல. யாரும் வராதன்னு சொல்லல. நானே ஒதுங்கிக்கிட்டேன். மரம் மட்டும் போவும்” என்றார்.

பீர் பாய் எழுந்துபோய் அவருக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

ஜூலை 19, சனி

சாரல். வரவில்லை. மணியார்டர் ஒன்றைத் தப்பாக எழுதிக் கிழித்தேன்.

ஜூலை 26, சனி

733. போன வாரம் வண்டி பழுதாம். எனக்கு எதற்கு அந்தக் காரணம்? மரம் காய்ந்தால் சரி.

காப்பி வரவழைத்தேன். தூறலில் பத்து கிலோமீட்டர் வந்தவருக்குக் காப்பி கொடுப்பது சாதாரண மனிதப் பண்பு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று 725.

இன்று மதினி, தானும் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒட்டிக்கொண்டு ஆலைக்கு வந்தாள். அவர் எங்களுக்கு அடுக்கைக் காட்டினார். நான் தட்டிப் பார்த்து, இந்தச் சட்டத்தில் ரேகை நேராக இருக்கிறது, இதைக் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் வைக்கலாம் என்றேன். “உங்களுக்குக் கண்ணு வந்துட்டு” என்றார் அவர். பி.ஏ. பாஸ் செய்தபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மதினி மெதுவாகக் கேட்டாள்: “ஏ மொழி, மொதல்ல அவுகள அண்ணாச்சி அண்ணாச்சின்னு சொல்லுவ. இன்னைக்குப் பூரா ‘ஏங்க, ஏங்க’ன்னே கூப்பிட்டியே.”

“வாய் மறந்திருக்கும்.”

“ஆமா, மறந்துதான் இருக்கும்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, ரோடு அவ்வளவு மோசம்.

ஆகஸ்ட் 9, சனி

719.

இன்று ஒரு குவளை கொண்டுவந்தார். மீந்த கட்டையைக் கடைந்து அவரே செய்ததாம். வேங்கைக் குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நிறம் மாறியிருக்கும். வெயிலில் பிடித்தால் நீலமாக மினுங்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வாங்கிக் குடிப்பார்கள் என்றார்.

“எனக்குச் சர்க்கரை கிடையாதே.”

“தெரியும்” என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தண்ணீர் நீலமாகத்தான் இருக்கிறது. மாடியில் வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தேன். துவர்ப்பு. முழுவதும் குடித்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

718. ஒரே ஒரு கிராம்தான் இறங்கியிருக்கிறது.

இரண்டு பேரும் தராசையே பார்த்துக்கொண்டிருந்தோம். எடை நின்றுவிட்டது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை, அவருக்குத்தானே மரத்தைப் பற்றித் தெரியும்.

“எதுக்கும் அடுத்த வாரமும் ஒருக்க பாத்துருவோம்” என்றார்.

“அவசரமில்லை” என்றேன். செப்டம்பர் 4 நெருங்குகிறது, ஆசாரிக்கு ஒரு வாரமாவது வேண்டும். ஆனாலும் மர விஷயத்தில் அவசரம் கூடாது.

ஆகஸ்ட் 23, சனி

பத்து நாளாகச் சொட்டு மழை இல்லை. காலையில் துவைத்துப் போட்ட புடவை குளித்துவிட்டு வருவதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்டது.

துண்டு 745.

இருபத்தேழு கிராம் கூடியிருக்கிறது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தேன். 745தான்.

“சாரல் ஈரம் ஏறிட்டு போல. இன்னும் ரெண்டு மூணு வாரம் பாக்கணும்” என்றார் அவர், என்னைப் பார்க்காமல், சுவரில் இருந்த அஞ்சல் காப்பீட்டு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு.

துண்டைச் சுற்றிக் கொண்டுவந்த செய்தித்தாளைக் கவுன்டரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். தாள் முழுவதும் மஞ்சள், மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல. பீர் பாய் குப்பையில் போடப் போனார். நான் வாங்கி மடித்து டிராயரில் வைத்தேன். பேப்பரில் ஏதோ படிக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மூக்காண்டி ஆசாரி ஆபீஸுக்கே வந்து சத்தம் போட்டார். “அம்மா, மரம் எப்பமோ காய்ஞ்சு கல்லாக் கெடக்கு. எழைப்புளி வச்சா தெறிக்குது. எதுக்கு நிறுத்தி வச்சிருக்கிய? நாலாந் தேதி நிலைய நிறுத்தணுமா வேண்டாமா?”

“நிறுத்தணும். இன்னைக்கே ஆரம்பிங்க” என்றேன்.

அடுக்கில் இருந்த மரமெல்லாம் காய்ந்திருக்கும்போது அந்தத் துண்டில் மட்டும் எப்படி ஈரம் வந்தது என்று ஆசாரி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாள் முழுவதும் சிரித்த முகமாக இருந்தேனாம், பீர் பாய் சொல்கிறார். ஒரு பாட்டிக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புப் படிவத்தை நானே எழுதிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

எடை பார்க்க எதுவும் இல்லை. யாரும் வரவில்லை. இந்த ஆபீஸ் இவ்வளவு பெரிதா?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நிலை வைக்கும் விசேஷத்துக்கு அழைக்க ஆலைக்குப் போனேன். மரம் கொடுத்தவரை நேரில் அழைப்பதுதான் முறை.

“மரம் வந்துரும். ஆசாரி நிலைய முடிச்சிட்டாரு, நல்லா வந்திருக்கு. நான் எதுக்கு?” என்றார்.

“வேங்கை நிலை. கனம் நாலு ஆளு பிடிக்கணும். உங்களுக்குத்தான் மரத்தோட போக்கு தெரியும்.”

“முன்னால நிக்கது எனக்குச் சரி வராதுன்னு சொன்னேனே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கும் சரி வராதுங்காங்க. தாலி இல்லாதவ ஒதுங்கணும், தாலி கட்டிக்கிட்டவ போயிட்டா நீங்க ஒதுங்கணும். அப்ப அந்த நிலைய யாருதான் தொடணும்? காய வச்சது நீங்க. வாரா வாரம் நிறுத்தது நான்” என்றேன். அறுத்துக்கொண்டிருந்தவர்கள் வாளை நிறுத்திவிட்டார்கள்.

போகிற போக்கில் கேட்டுவிட்டேன்: “வேங்கை நனைஞ்சாத்தான் தாளு மஞ்சளாகும்னு நீங்கதானே சொன்னிய?”

காதில் இருந்த பென்சில் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே வெகுநேரம் ஆயிற்று. “ஒரே ஒரு நா வாளித் தண்ணில போட்டேன்” என்றார், தரையைப் பார்த்தபடி. “வியாழக்கிழமை வாறேன்.”

வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக இருக்கிறது. அவ்வளவுதான், எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். நிலைக்கு மஞ்சள், குங்குமம், மாவிலை எல்லாம் ஆயிற்று. எங்கள் வழக்கமான ஐயருக்குக் காய்ச்சல், செங்கோட்டையிலிருந்து புதியவர் ஒருவர் வந்திருந்தார். எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. அண்ணனும் மதினியும் மணையில் உட்கார வேண்டியது, இன்னும் உட்காரவில்லை. மணி பத்தைத் தாண்டியதும் மதினி, நவதானியம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். போனவள் வரவில்லை. அண்ணன் அவளைத் தேடிக்கொண்டு பின்னால் போனான்.

நிலையைத் தூக்கி நிறுத்தி, நான்கு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னபடி வந்திருந்த அவர் நிலையின் இடது கால் பக்கம் இருந்தார். வலது கால் கொஞ்சம் சாய்கிறாற்போல் இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் நான் பிடித்தேன். யோசித்துச் செய்யவில்லை, சாய்ந்தது, பிடித்தேன்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். நிலையின் இரண்டு பக்கமும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“நேரம் ஆறது. அம்மா, பேரு நட்சத்திரம் சொல்லுங்கோ.”

“குழல்வாய்மொழி. சித்திரை.”

“சாருக்கு?”

கேட்டால் சொல்லத்தானே செய்வார்கள்? “குற்றாலிங்கம். உத்திராடம்” என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஐயர் பூரித்துப் போனார். “குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்பாளும். கோயில்ல இருக்கிற ஜோடி வீட்டு வாசல்லயே நிக்கறது. இப்படிப் பேர்ப் பொருத்தம் நான் பார்த்ததில்லை” என்று சொல்லிக்கொண்டே எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தம்பதி என்ற சொல் என் காதில் தெளிவாக விழுந்தது.

அதற்குள் அண்ணன் ஓடி வந்தான். “சாமி, சாமி, நிறுத்துங்க. அது மரக்கடைக்காரரு. இவளுக்குக் கல்யாணமே ஆகல.”

மந்திரம் நின்றது. வந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அவர் முகம் செத்துவிட்டது. கையை எடுத்துவிட்டு விலகத்தான் பார்த்தார், ஆனால் விட்டால் நிலை சாய்ந்துவிடும். அப்படியே தலையைக் குனிந்துகொண்டு பிடித்தபடி நின்றார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தப்பு செய்தவர் மாதிரி ஏன் நிற்க வேண்டும்?

“அப்ப பேரை மாத்திச் சொல்லிடறேன்” என்றார் ஐயர், கூச்சத்தோடு.

“மாத்தாதீங்க சாமி” என்றேன்.

என் குரல்தான். அண்ணன் “மொழி” என்றான். நான் அவனைப் பார்க்கவில்லை, நிலைக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்தேன். “அவுகளுக்குச் சம்மதம்னா, நீங்க சொன்ன மாதிரியே இருக்கட்டும்.”

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “எனக்குச் சம்மதம்” என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, “நீங்களும் சம்மதிக்கணும்” என்றார்.

மதினி எங்கிருந்தோ நவதானியத்தோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். “பத்து இருவத்தி மூணு ஆச்சு. நல்ல நேரம் போயிட்டா அப்புறம் ஆவணில நாளு இல்ல” என்றாள், யாரையும் பார்க்காமல்.

அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். “எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா” என்றான்.

“எனக்கே இப்பதான் தெரியும் அண்ணே.”

பின்னால் பீர் பாய், “எங்களுக்கு ஜூன் மாசமே தெரியும்” என்றார். கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே ஐயரிடம், “சொல்லுங்க சாமி, அந்தப் பேரையே சொல்லுங்க” என்றான்.

பத்து இருபத்தெட்டுக்கு நிலை குழியில் இறங்கியது. தூக்குக் குண்டு வைத்துப் பார்த்து, மயிரிழை சாய்வு இல்லை என்றார் ஆசாரி.

நிலையை நான்தான் நிறுத்தினேன். அந்தப் பக்கம் அவர் பிடித்துக்கொண்டார்.